தாலி ஆசாரியிடம் இருந்தபோது

ஜனவரி 18, புதன்

நூல் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாக பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று வந்த கோபத்தை யாரிடமும் சொல்ல முடியாததால் எடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாமியார் பங்களாவுக்குப் போயிருக்கிறார். திருநீறு பூசாமல் தெருவில் இறங்காத நயினார், எங்கள் மாதா கோயில் பங்குச்சாமியார் முன்னால் உட்கார்ந்து, "எங்க கல்யாணத்தைக் கோயில்ல வச்சு முறைப்படுத்தித் தரணும்" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு கிளாடிஸ் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

காரணம் ஜோஸ்னா. ஏப்ரல் கடைசி ஞாயிறு அவளுக்குப் புது நன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். போன ஞாயிறு சாப்பிடும்போது, "எல்லார் அம்மாவும் கூட வந்து நன்மை வாங்குவாங்களாம். நீங்க மட்டும் ஏம்மா பெஞ்சிலயே இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் குழம்பை ஊற்றினேன். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்ல? நானும் இவரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்தவர்கள். கோயிலில் நடக்காத கல்யாணம் கோயிலுக்குக் கல்யாணமே இல்லை. அதனால் பன்னிரண்டு வருடமாக எனக்கு நன்மை இல்லை. மற்றவர்கள் எழுந்து வரிசையில் போகும்போது யாரும் என் முழங்காலைத் தாண்ட வேண்டாமே என்று பெஞ்சின் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து பழகிவிட்டேன். நான் கேட்டேனா இவரிடம், இதைச் சரிசெய்யுங்கள் என்று?

ஏன் போனீர்கள் என்றால், "போகணும்னு தோணிச்சு" என்கிறார். கேள்விக்கு இது ஒரு பதில்.

ஜனவரி 19, வியாழன்

இரண்டு லைனிங் ரவிக்கை, ஒரு பாவாடை. மதியம் இவர் வழக்கம்போல் தையல் மிஷின் காலடியில் பாயை விரித்துப் படுத்தார். வீட்டில் வேறு இடமே இல்லாத மாதிரி. நூலும் துணிவெட்டும் மேலே விழுகின்றன, துடைத்துக்கொண்டு தூங்குகிறார். மிஷினுக்கு மோட்டார் வைக்கலாம், கால் வலிக்கிறது என்று எத்தனை நாளாகச் சொல்கிறேன். வேண்டாம் என்கிறார். கஞ்சத்தனம்.

ஜனவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் செல்வரத்தினம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னைவிட வயது குறைந்தவர், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறார். நயினார் மதம் மாற வேண்டியதில்லை, ஆயரிடம் அனுமதி வாங்கினால் போதும் என்றார். கோயிலை ஜோடிக்க வேண்டாம், பாட்டுக் குழு வேண்டாம், விருந்து வேண்டாம். இரண்டு சாட்சிகள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முடிந்தது. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அதற்கு முன்னால் பிப்ரவரி 18 என்று நாளும் குறித்தார்.

"சீல் அடிக்கிற மாதிரிதானே ஃபாதர்?" என்று நான் கேட்டேன். இல்லை என்றார். பழைய சம்மதத்துக்கு ஆசீர் கொடுப்பது அல்ல இது. இரண்டு பேரும் அன்றைக்குப் புதிதாகச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்திலிருந்துதான் கோயிலுக்கு நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

பிறகு இவரை வெளியே அனுப்பிவிட்டு, யாரும் கட்டாயப்படுத்தாமல் முழு மனதோடு வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். பிள்ளைக்காக ஃபாதர் என்றேன்.

"பிள்ளைக்காகங்கிறது வேறம்மா. நான் உங்களைக் கேக்கேன்."

ரவிக்கை டெலிவரி இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏது டெலிவரி. அடுத்து இவர் உள்ளே போனார். வர நேரமாயிற்று. என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

எனக்கு ஒரு ரவிக்கை வெட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. கிளாடிஸ் அக்காவை வைத்து அளந்தேன். கல்யாணத்தின்போது இருந்ததைவிடச் சுற்றளவு எங்கேயோ போய்விட்டது. இவரும் அன்றைக்குத் தலை நிறைய முடியோடு இருந்தார்.

பிப்ரவரி 4, சனி

தாலியை ஆசாரியிடம் கொடுத்து வந்தேன். இருக்கிற தாலியையே மந்திரித்துத் தருகிறேன், புதிது வேண்டாம், விருப்பமிருந்தால் ஒரு சின்னச் சிலுவை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். எப்படியும் அன்று கழற்றித் தட்டில் வைக்கத்தானே வேண்டும்.

இந்தத் தாலியை எனக்கு யாரும் கட்டவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து ஓட்டமாக வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எங்கள் வீட்டில் தேடத் தொடங்குவதற்குள் ஊரைத் தாண்ட வேண்டும். இவர் சட்டைப் பையிலிருந்து செயினோடு எடுத்து என் கையில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். நாலு மாதத்தில் இவர் மஸ்கட்டுக்கு கிரேன் ஓட்டப் போனார். லீவில் வருவார், போவார். போன ஆடியில்தான் மொத்தமாகத் திரும்பி வந்தார். சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது.

தாலி ஆசாரியிடம் போனால் திரும்பி வரும் வரை மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும், புருஷன் இருக்கிறவள் வெறும் கழுத்தோடு இருக்கக் கூடாது. கிளாடிஸ் அக்கா மூன்று தடவை சொல்லிவிட்டார். மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கடையில் மஞ்சள் இல்லை.

பிப்ரவரி 8, புதன்

கிளாடிஸ் அக்கா பின்பக்கம் வந்து, பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்தை நயினார் பெயின்ட் பக்கெட்டில் நட்டு வைத்திருப்பதைக் காட்டினார். "ஏட்டி ஜெசி, கடைல இல்லன்னியே, இது என்ன இஞ்சியா?" என்றார். வேர் பிடிக்கிற செடியைப் பிடுங்கக் கூடாது அக்கா என்றேன்.

கழுத்து லேசாக இருக்கிறது. குனிந்து வெட்டும்போது செயின் துணியில் மாட்டுவதில்லை. அதைத்தான் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். முகூர்த்த மாதம், ரவிக்கைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன, என்னுடையது இன்னும் வெட்டவே இல்லை. ஈஸ்டர் முடிந்து வைத்துக்கொள்ளலாம். அவர் என் கழுத்தைப் பார்த்தார். சரிம்மா, அதுவரை யோசிங்க என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டில் சொன்னபோது இவர், "சரி" என்றார். தன் தட்டைத் தானே கழுவி, தன் ஒருவருக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தார். வந்த நாளிலிருந்து இப்படித்தான். அங்கே ரூமில் ஆளாளுக்குத் தனித்தனி அடுப்பாம். நானும் எனக்கும் பிள்ளைக்கும் அளவாகப் பொங்கி எத்தனையோ வருடம். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு நான் வாசலில் ஏறினேன். திருநீற்றோடு இவர் இறங்கினார். ஜோஸ்னா சிரித்தாள். ஆசாரி ஆள் அனுப்பியிருந்தார், வேலை முடிந்துவிட்டதாம். போக நேரமில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

புதிதாக ஒரு பெண் ரவிக்கை கொடுக்க வந்தாள். அளவு எடுக்கும்போது என் கழுத்தைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த ஜோஸ்னா படத்தைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒத்தையிலதான் வளக்கீங்களோக்கா? எத்தனை வருசமாச்சு?"

எத்தனையோ வருசமாச்சு, பழகிட்டுது என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஒற்றையாகத்தானே வளர்த்தேன். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கை, மழையில் ஓடு பெயர்ந்தது, என் அப்பா இறந்தபோது வாசலோடு திருப்பி அனுப்பினார்களே அந்த நாள், எல்லாம் ஒற்றையாகத்தான். அவள் பாவம் என்கிற மாதிரி என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

திரும்பினால் பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் இவர் நின்றார். கையில் தண்ணீர்ச் செம்பு. பக்கெட்டில் இருக்கிற செடிக்கு ஊற்றப் போனார்.

மார்ச் 1, புதன்

இவர் பாயையும் தலையணையையும் மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார். காற்று நன்றாக வருகிறதாம். மிஷின் காலடியில் யாரும் இல்லாததால் வேலை தடையில்லாமல் ஓடியது.

மார்ச் 2, வியாழன்

ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலதில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். தையல் பழகிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை.

மார்ச் 5, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

ஜோஸ்னா ஞான உபதேச வகுப்புக்குப் போயிருந்தாள். நான் மாடிக்குப் போனேன், துணி எடுக்கத்தான். இவர் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காற்று வருகிற இடத்தில் தூங்கலாமே என்றேன். எழுந்து உட்கார்ந்தார்.

"ஃபாதர் என்னையும் தனியா கேட்டாவ, முழு மனசோடதான் வாரீங்களான்னு. யோசிக்கணும்னு சொன்னேன்."

எனக்குச் சுரீரென்றது. நான் யோசிக்கலாம், இவர் எப்படி யோசிக்கலாம்? நீங்கதானே போய்க் கேட்டீங்க என்றேன்.

"நான் விட்டுட்டுப் போன பொண்ணு வேற, ஜெசி. தனியா ரோட்டக் கடக்கப் பயப்படுவா. திரும்பி வந்தா இங்க ஒரு முதலாளியம்மா இருக்கா. அவளுக்கு என்னைய வேணுமான்னு எனக்குத் தெரியல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல விரல வச்சுக் காட்டி, இங்க கையெழுத்துப் போடுன்னாங்க. உன்னை யாரும் ஒண்ணும் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகமில்ல. நானும் கேக்கல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையில குடுத்துட்டேன். சாமியாராவது உன்னைக் கேக்கட்டுமேன்னுதான் போனேன்."

நான் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். "வேண்டாம்னு தோணுனா வேண்டாம்னே சொல்லு. நான் மாடியில இருந்துக்கிடுதேன். பிள்ளைய விட்டு எங்கயும் போகமாட்டேன்."

காய்ந்த துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

அவர் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நாள் முழுக்கத் தேடினேன்.

மார்ச் 17, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்தால் வாசலில் காத்து நின்றார், ஸ்கூட்டரோடு. ஏறி உட்கார்ந்தேன். வரும் வழியில் பேச்சுக்காகக் கேட்டேன், மிஷின் காலடியில் அப்படி என்ன இருந்தது, எதற்கு அங்கேயே வந்து விழுந்தீர்கள் என்று.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. போன் போட்டா நீ ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்ட, தச்சுக்கிட்டே இருப்ப. மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருக்கும். நீ வச்ச பிறகும் காதுக்குள்ள ஓடும். அந்த ஒரு நாள்தான் நல்லாத் தூங்குவேன்."

மோட்டார் வேண்டாம் என்றது அதற்காகத்தானா என்று கேட்டேன். மோட்டார் சத்தம் வேற மாதிரி இருக்கும்லா என்றார்.

நான் அவரைக் கஞ்சன் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் அவர் பேசும்போது, சீக்கிரம் வைத்தால் தேவலை, கொக்கிக்குக் காஜா எடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். போனுக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு வரை அழுதேன். காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று நினைத்திருப்பார்.

மார்ச் 18, சனி

"கீழயே வந்து படுங்க. நூல் மேல விழும், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். பாயோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

மார்ச் 26, ஞாயிறு

இது சமாதானம் இல்லை. நன்றாகத் தெரியும். ஒருவர் தூங்குவதற்கு உதவுவது வேறு, அவரோடு வாழ்வது வேறு. அவர் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் நேற்று மூன்று பேருக்கும் சேர்த்துப் பொங்கினேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நான் தைத்த ரவிக்கைகளை அவர் இஸ்திரி போட்டு அடுக்குகிறார். தையலை விரித்து உள்பக்கம் முதலில் தேய்க்க வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை, பார்த்தே பழகியிருக்கிறார். எந்த ரவிக்கை யாருடையது என்று கேட்கிறார். அந்தப் புதுப் பெண்ணுடையதையும் அவர்தான் தேய்த்தார்.

ஏப்ரல் 1, சனி

அந்தப் பெண் ரவிக்கை வாங்க வந்தாள். பணம் கொடுத்துவிட்டு இவரைப் பார்த்து, அண்ணனா என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றேன். அவள் கண் என் கழுத்துக்குப் போயிற்று. தாலி ஆசாரிகிட்ட இருக்கு என்றேன். இவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இன்று டீ இரண்டு டம்ளர் வந்தது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

சுவர் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோரும் நன்மை வாங்கப் போவதைப் பார்த்தேன். ஜோஸ்னாவுக்காகக் கல்யாணம் செய்துகொண்டால் என்ன, தப்பா என்று என்னையே கேட்டேன். தப்பில்லை. ஆனால் அவள் வளர்ந்து போய்விடுவாள். மிச்சம் இருக்கப் போவது நாங்கள் இருவர்தான். அப்போதும் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்குமா? இதைத்தான் ஃபாதர் கேட்டார், வேறு வார்த்தையில். பூசை முடியும் வரை அதையே யோசித்தேன். கடைசிப் பாட்டுகூடக் காதில் விழவில்லை.

ஏப்ரல் 12, புதன்

ஆசாரியிடம் போனேன். "ரெண்டு மாசமாச்சும்மா. வேண்டாம்னு விட்டுட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். வெறும் பேச்சாகத்தான் சொன்னார். யோசிச்சிட்டிருந்தேன் என்றேன். சிலுவை அழகாக வந்திருக்கிறது. செயினில் கோத்துத் தரட்டுமா என்றார். வேண்டாம், தாலியை மட்டும் தனியாகக் கொடுங்கள், கயிற்றில் கட்ட வேண்டும் என்றேன்.

செயினை நானே மாட்டிக்கொள்ள முடியும். கயிற்றை ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 15, சனி

ஃபாதரிடம் நானாகப் போனேன். அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா யோசிக்காம ஆமான்னு சொல்லியிருப்பேன் ஃபாதர். இப்ப யோசிச்சுச் சொல்லுதேன். முழு மனசோடதான் வாரேன்."

ஆயரிடமிருந்து அனுமதி எப்போதோ வந்துவிட்டதாம், மேஜையிலேயே வைத்திருந்தார். வருகிற சனிக்கிழமை என்று முடிவாயிற்று. நயினார் என்ன சொன்னார் என்று தயக்கத்தோடு கேட்டேன். ஃபாதர் சிரித்தார். அவர் போன மாதமே வந்து சொல்லிவிட்டாராம், நீங்கள் வரும் வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

ஏப்ரல் 21, வெள்ளி

என் ரவிக்கையை ஒரே மூச்சில் தைத்து முடித்தேன். பக்கெட்டில் இருந்த மஞ்சளில் ஒரு விரல் கிழங்கை ஒடித்து, அரைத்து, வெள்ளை நூலை முறுக்கி நனைத்துக் காயப்போட்டேன். இவர் செடிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கடையில மஞ்சள் வந்துட்டுதோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாடிஸ் அக்கா இவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் வாயில் எது தங்கும்.

ஏப்ரல் 22, சனி

சாயங்காலம் ஐந்து மணி. பெரிய கோயிலில் நாங்கள், ஜோஸ்னா, சாட்சிக்குக் கிளாடிஸ் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். பீடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. பெஞ்செல்லாம் காலி. காலியான கோயில் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

ஃபாதர் வலது கைகளைச் சேர்க்கச் சொன்னார். முதலில் இவரைக் கேட்டார். இவர் ஃபாதரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, நிதானமாக, சம்மதம் என்றார். பிறகு என்னைக் கேட்டார். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. அந்த இடைவெளியில் இவர் கை என் கையை இறுக்கவில்லை. விட்டால் விட்டுவிடுகிற மாதிரி, திறந்தே இருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன். சம்மதம் என்றேன்.

தட்டில் இருந்த தாலியை ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார். கிரேன் ஓட்டிய தடித்த விரல்களுக்கு புது மஞ்சள் நூல் வழுக்கியது. ஒரு முடிச்சு விழுந்தது, அவிழ்ந்தது. மறுபடி. பின் கழுத்தில் அவர் மூச்சு படுகிறது. கிளாடிஸ் அக்கா, நாத்தனார் இல்லாத குறைக்கு நான் முடிச்சுப் போடுகிறேன் என்று கையை நீட்டினார்.

"விடுங்கக்கா. அவுகளே கட்டட்டும்."

நேரமாயிற்று. யாருக்கும் பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஜோஸ்னாவுக்குப் புது நன்மை. வெள்ளை கவுன், நான் தைத்தது. நேற்றே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். பன்னிரண்டு வருடத்தைச் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.

இன்று சுவர் ஓரம் அவர் உட்கார்ந்தார். நான் நடைபாதை ஓரம். பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். வாங்கினேன். திரும்பி வந்து முழங்காலிட்டேன், என்ன ஜெபிக்க வேண்டும் என்று தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அவர் தன் கைக்குட்டையைப் பெஞ்சின் மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மதியம் கிளாடிஸ் அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு இவர் பாயை விரித்தார். ஞாயிற்றுக்கிழமை நான் தைப்பதில்லை, அது எங்கள் வழக்கம். புரண்டு புரண்டு படுத்தார்.

ஊசியிலிருந்து நூலைக் கழற்றினேன். துணி ஒன்றும் வைக்காமல் மிஷினை மிதித்தேன். அவர் தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தேன்.